ஜெர்மனியில் டிவி கட்டணக் கடிதம் வந்தால் செய்யக்கூடாதவை

ஜெர்மனியில் வீடு எடுத்து முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் கொலோன் நகரத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அனுப்புவது பைட்ராக்ஸ்சர்விஸ் என்ற வசூல் அலுவலகம். மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டிருப்பார்கள். "என்னிடம் டிவியே கிடையாது, இது ஏதோ மோசடி" என்று கடிதத்தைக் குப்பையில் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. பணம் அதிகம் போவதும் அதில்தான்.

2013க்கு முன்பு அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தது, ஏனென்றால் அப்போது கருவிக்குத்தான் கட்டணம். இப்போது வீட்டுக்குக் கட்டணம். டிவி, ரேடியோ, கணினி எதுவும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். இதை எதிர்த்துப் பலர் வழக்குப் போட்டார்கள். 2018 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்றது. ஒருவரே இரண்டு வீட்டுக்கும் கட்டுவதை மட்டும் தவறு என்றது. பதில் போடாமல் இருந்தால் அவர்களே உங்கள் பெயரில் கணக்கைத் திறந்து, குடி வந்த நாளிலிருந்து கணக்குப் போடுவார்கள். தாமதக் கட்டணம் குறைந்தது 8 யூரோ சேரும். அப்புறமும் அசையவில்லை என்றால் ஜப்தி வரை போகலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நாலு பேரும் ஆளுக்கு ஒரு கட்டணம் கட்டுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் போதும். ஏற்கெனவே கட்டுபவரின் கட்டண எண்ணை எழுதி அனுப்பினால் மற்றவர்கள் தப்பித்தார்கள். ஆனால் மாணவர் விடுதியில், பொது நடைபாதையிலிருந்து நேராகக் கதவு திறக்கும் அறை தனி வீடாகவே எண்ணப்படும்.

"மாணவன்தானே, விலக்கு உண்டு" என்று நம்பியிருப்பதும் வேண்டாம். பாஃபெக் என்ற அரசுக் கல்வி உதவித்தொகை வாங்கும், பெற்றோருடன் வசிக்காத மாணவர்களுக்குத்தான் விலக்கு. படிப்பு விசாவில் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. தகுதி இருப்பவர்களும் விண்ணப்பித்தால்தான் விலக்கு. நாட்டைவிட்டுக் கிளம்பும்போது நகர அலுவலகத்தில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது, பைட்ராக்ஸ்சர்விஸுக்கும் தனியாக எழுத வேண்டும்.

சரி, அரசு டிவிக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. இந்தக் கட்டணத்தில் ஓடும் ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் பொது ஒளிபரப்புகள், அரசு ஒளிபரப்புகள் அல்ல. நாஜிகள் வானொலியைப் பிரச்சாரக் கருவியாக்கியதைப் பார்த்த நாடு அது. அதனால் போருக்குப் பிறகு ஒளிபரப்பு மத்திய அரசின் கைக்குப் போகாதபடி மாநில அளவில் பிரித்து அமைத்தார்கள். அந்த மாநில நிலையங்கள் 1950இல் சேர்ந்ததுதான் ஏ.ஆர்.டி.; இன்று அதில் ஒன்பது நிலையங்கள். பிரதமர் அடெனாவர் மத்திய அரசின் பிடியில் இரண்டாவது சேனல் ஒன்று தொடங்கப் பார்த்தார். மாநிலங்கள் வழக்குப் போட்டன. 1961 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிறகு மாநிலங்களே ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய இசட்.டி.எஃப். 1963 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது.

கட்டணம் அரசு கஜானாவுக்குப் போகாமல் இருப்பதும் இதனால்தான். எவ்வளவு தேவை என்று ஒரு சுயேச்சைக் குழு கணக்குப் போடும், 16 மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் 2020 இறுதியில் உயர்வை முடக்கியபோது நீதிமன்றம் தலையிட்டு, 17.50 யூரோவை 2021இல் 18.36 ஆக்கியது.

அதற்காக அங்கே அரசியலே நுழையாது என்று நம்பினாலும் ஏமாற்றம்தான். இசட்.டி.எஃப். கண்காணிப்புக் குழுக்களில் அரசியல் தொடர்புடையவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014இல் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. பெர்லினில் உள்ள ஆர்.பி.பி. நிலையத்தின் தலைவர் 2022இல் செலவு தொடர்பான புகார்களில் பதவி இழந்தார். கட்டணத்தைத் திட்டுபவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் அல்ல.

விளம்பரம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பொதுச் சேனல்களில் விளம்பரமே இல்லை என்பது தவறு. ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். இரண்டின் முதன்மைச் சேனல்களில் வேலை நாட்களில் இரவு எட்டு மணிக்கு முன் விளம்பரம் வரும், சராசரியாக நாளுக்கு 20 நிமிடம் வரை. ஞாயிறும் விடுமுறை நாட்களும் கிடையாது. 1984 ஜனவரியில் பிறந்த ஆர்.டி.எல்., சாட் ஐன்ஸ் போன்ற தனியார் சேனல்கள் விளம்பரத்தில்தான் ஓடுகின்றன.

தனியார் என்றால் இலவசம் என்று எண்ணி ஆண்டெனா வாங்குபவர்களும் பலர். வீட்டு ஆண்டெனாவில் பொதுச் சேனல்கள் சும்மா வரும். பெரிய தனியார் சேனல்களுக்குச் சந்தா வேண்டும். செயற்கைக்கோளிலும் அவற்றின் எச்.டி. ஒளிபரப்புக்குத் தனிக் காசு.

கடைசியாக, கேபிள். 2024 ஜூன் வரை வீட்டுக்காரர் கேபிள் செலவை வாடகையோடு சேரும் இதரச் செலவுகளில் போட முடிந்தது. ஜூலையிலிருந்து முடியாது, விரும்பினால் நீங்களே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். கேபிளை நிறுத்தினாலும் ஒளிபரப்புக் கட்டணம் நிற்காது, இரண்டும் வேறு வேறு. கேபிள் விற்க யாராவது வாசலுக்கு வந்து "கட்டாயம் போட வேண்டும்" என்றால் நம்ப வேண்டாம். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பதினான்கு நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.