வேனில் ஏற்றும் முன் எழுதிக்கொள்ளுங்கள்: தோட்டப்புற அருங்காட்சியகக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எங்காவது லயத்தை, அதாவது ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடிக்கிறார்கள் என்று சேதி வந்தால், எங்கள் குழுவில் யாராவது ஒருவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ரப்பர் பால் வாளி, அதைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, அம்மிக்கல், சாமி படம் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு வருவோம். அந்த அவசரம் நியாயமானதுதான். இன்று விட்டால் நாளை அந்த இடத்தில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) கன்று நிற்கும். ஆனால் ஊர் அருங்காட்சியகத்தை வழிநடத்துபவரின் முதல் தவறு பெரும்பாலும் அந்த வேனில்தான் தொடங்குகிறது. பொருள் வந்துவிடும், அது யாருடையது, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்ற ஒரு வரி எழுத்து வராது.

"எடுத்துக்கிட்டுப் போ தம்பி, வீட்டுல சும்மாதான் கெடக்கு" என்று ஒரு பாட்டி கொடுத்த செக்ரோல் புத்தகத்தை (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) நான் அப்படித்தான் வாங்கினேன். பாட்டி காலமான பிறகு பேரன் வந்து, அது இரவல்தான் என்றார். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு பொருளுக்கும் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத் தாள் போதும்: நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எந்தத் தேதி வரை, கொடுத்தவர் கையெழுத்து. "நிரந்தர இரவல்" என்று மட்டும் எழுதாதீர்கள். பாதுகாக்கும் சுமை உங்களுக்கு, உரிமை அவர்களுக்கு என்று அது காலத்துக்கும் இழுபடும்.

அப்புறம் பதிவேடு. 2024ஆம் ஆண்டு பதினேழாவதாக வந்த பொருளுக்கு 2024.17 என்று எண் கொடுத்தால் போதும், பெரிய கணினி முறை தேவையில்லை. எண்ணை ஓர் அட்டையில் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். பழைய படத்தின் பின்பக்கம் எழுதுவதென்றால் மென்மையான பென்சில்தான். பேனா மை முன்பக்கம் வரை ஊறிவிடும். தோட்டத்தின் பெயரை இரண்டாக எழுத மறக்காதீர்கள். கம்பெனி தாளில் ஒரு பெயர் இருக்கும், நம் சனங்கள் வாயில் வேறொரு பெயர் இருக்கும். பாட்டியின் பேச்சில் வரும் தோட்டத்தை வரைபடத்தில் தேட இரண்டுமே வேண்டும்.

சுத்தம் செய்கிறேன் என்று கெடுப்பது இன்னொன்று. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் பழைய மங்குகள் வந்தபோது பிள்ளைகள் ஆசையாய்த் தேய்த்துக் கழுவி, உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த பாலை முழுக்கச் சுரண்டிவிட்டார்கள். நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். காய்ந்த பால் இருந்தவரைக்கும் அது மரத்தில் தொங்கிய மங்கு. இப்போது அதுவும் கடையில் வாங்கிய கிண்ணமும் ஒன்றுதான். மரம் சீவும் உளிக்கு வார்னிஷ் அடிப்பது, பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மின்ன வைப்பதும் இதே கதை. தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும்.

நம் ஊர் ஈரம் சாதாரணமானது அல்ல. படங்களையும் கடிதங்களையும் லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. பகலில் ஏர்கான் போட்டு இரவில் அணைப்பதைவிட, எப்போதும் காற்றோட்டத்தோடு மின்விசிறி ஓடுவதே மேல். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் மாதம் ஒருமுறை பின்னால் கறையான் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி விழுந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி சாகும்.

எதைக் காட்டுவது என்பதில்தான் எனக்கு அதிக மனவருத்தம். எங்கள் ஊர் என்றதும் எல்லாருக்கும் தெரிவது 1948 ஜூன் 16: மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? விடியுமுன் எழுந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு (காலைப் பெயர்ப்பதிவுக்கு) ஓடிய பெண் எங்கே? துரை, கங்காணி (தொழிலாளர்களை மேய்த்த மேற்பார்வையாளர்), தலைவர் என்று சுவரை நிரப்பிவிட்டு அவளை ஒரு மூலையில் பெயரில்லாமல் நிறுத்துவது பெருந்தவறு. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன், தோட்டத் துண்டாடலிலிருந்து தொழிலாளரைக் காக்க 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்லும்போது, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் கட்டிய தொழிலாளியின் பெயரையும் சொல்லுங்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள், கள்ளுக்கடை, லயத்துக்குள் இருந்த சாதி வேற்றுமை, இவற்றைச் சங்கடம் என்று ஒதுக்காதீர்கள். தெலுங்கர், மலையாளி, கடனுக்கு அரிசி கொடுத்த சீனக் கடைக்காரர், உட்பகுதியில் வாழும் தெமியார் பழங்குடி மக்கள் இல்லாமலும் இந்த ஊர்க் கதை நிறைவடையாது.

ஆனால் எல்லாவற்றையும் மாட்டிவிடவும் கூடாது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பல காலம் குடியுரிமைக்கு அலைந்த குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அந்த அட்டையைக் கண்ணாடிக்குள் வைக்கும் முன் வீட்டாரிடம் கேளுங்கள், எண்ணை மறையுங்கள். பேட்டியைப் பதிவு செய்தால், யார் கேட்கலாம், எதை வெளியிடக் கூடாது என்பதைப் பேசியவரிடமே எழுதி வாங்குங்கள்.

குழு நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிந்திருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும். விட்டுவிட்டால் பதிவுக்கே ஆபத்து. கோயில் மண்டபத்திலோ கம்பெனி கட்டடத்திலோ இருந்தால் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். தோட்டம் கைமாறினால் புதிய முதலாளிக்கு உங்களைத் தெரியாது. ரிப்பன் வெட்டும் விழாவுக்குச் செலவழிக்கும் முன் இரண்டு ஆண்டு மின்கட்டணத்தை ஒதுக்கிவையுங்கள். சங்கம் கலைந்தால் பொருள்கள் எந்த நிலையத்துக்குப் போகும் என்பதும் விதியில் இருக்கட்டும்.

பல ஆண்டுகளாக எங்கள் அறைச் சாவி, கணினிக் கடவுச்சொல், யார் எதைக் கொடுத்தார் என்ற நினைவு, எல்லாமே என் ஒருவனிடம்தான் இருந்தன. போன வருடம் நான் மருத்துவமனையில் படுத்தபோது பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இப்போது மூன்று பேரிடம் சாவி இருக்கிறது. வேனில் எப்போதும் இரண்டு பேர் போகிறோம், ஒருவர் தூக்குவார், மற்றவர் நோட்டில் எழுதுவார்.