கருத்தடை மாத்திரையோடு வேறு மருந்து சேரும்போது அட்டையைப் பார்த்துச் சரிபார்ப்பது எப்படி?

"ஏனுங்க, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டா அந்த மாத்திரை கேக்காதுங்களா?" என்று திருப்பூரில் மருந்துக்கடைக்கு வரும் பனியன் கம்பெனிப் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பதுண்டு. சாதாரணக் காய்ச்சல் மாத்திரையால் கருத்தடை கெடுவதில்லை. கெடுக்கும் மருந்துகள் சிலவே, அவற்றை வீட்டிலேயே அடையாளம் காணலாம்.

முதலில், வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் சேருங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். நமக்கு வேண்டியது மருந்துப் பெயர். நாலு மாத்திரை மட்டும் கேட்டால் கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தரும் துண்டில் பாதிப் பெயர்தான் மிஞ்சும் என்பதால், முழுப் பெயரையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இவை கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஹார்மோனை விரைவாகச் சிதைத்துவிடுகின்றன. இவற்றுள் ரிஃபாம்பிசின் மிக வலியது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதே அதன் அடையாளம். வழக்கமான 6 மாத சிகிச்சை முடிந்த பிறகும் அதன் விளைவு ஏறத்தாழ 28 நாட்கள் நீடிக்கும். வலிப்புக்கான லாமோட்ரிஜின் இதற்கு நேர்மாறு: கருத்தடை மாத்திரைதான் அதன் அளவை இரத்தத்தில் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வழிசெய்யக்கூடும்.

அமாக்சிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அஞ்சத்தக்கவை அல்ல. ஆனால் கருத்தடை மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் உள்ள பெயர் அகப்பட்டால், காசநோய் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான். கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி-யையும், அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடும் அந்தரா கருத்தடை ஊசியையும் இம்மருந்துகள் பாதிப்பதில்லை. மாற்றும் வரை ஆணுறை அவசியம். அவசர கருத்தடை மாத்திரையும் இம்மருந்துகளால் வலுவிழக்கும் என்பதால், பாதுகாப்பின்றி உறவு நேர்ந்துவிட்டால் 5 நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்று காப்பர்-டி பற்றிக் கேளுங்கள்; அப்போதும் அந்த மஞ்சப்பை கையில் இருக்கட்டும்.