திருகோணமலைக் கரையை நடந்து பார்க்க

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் வந்து நிற்கும் நம்மவர் திருகோணமலைக்குப் போகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். விடியப்புறம் வான் பிடிப்பது, கோணேசர் கோவிலில் ஒரு அர்ச்சனை, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தலைக்கு நாலு வாளி தண்ணீர், நிலாவெளியில் கால் நனைப்பு, இரவே திரும்புவது. நானும் இரண்டு தடவை அப்படிப் போய் வந்தவன்தான். மூன்றாம் முறை மூன்று இரவு தங்கி, முடிந்த இடமெல்லாம் நடந்தேன். இது அந்த நடைக்கான குறிப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுவிஸிலோ நோர்வேயிலோ இருப்பதுபோல மரத்துக்கு மரம் நிறம் பூசி, சந்திக்குச் சந்தி பலகை நட்டு வைத்த நடைபாதை இங்கே இல்லை. இருப்பவை கோவிலுக்குப் போகிறவர்களின் வழி, வலை இழுக்கிறவர்களின் மணல், மாடு போன தடம். கைபேசி வரைபடம் காட்டும் கோடு சில இடங்களில் கடற்படை வேலியில் போய் முட்டும். ஆகவே கேட்டுக் கேட்டு நடப்பதுதான் இங்கே வழி. “இதாலை போகலாமோ?” என்ற ஒரு கேள்வி எந்தச் செயலியையும்விட உதவும். கேட்கும்போது “ஐயா” என்று தொடங்குங்கள். தமிழருக்கு அது மரியாதை, சிங்களவருக்கு அதே ஒலி அண்ணன் என்று கேட்கும். முஸ்லிம் கிராமம் என்று தெரிந்தால் “நானா” என்றால் இன்னும் நெருக்கம்.

காலம் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், மழை குறைவு. ஆனால் அந்த மாதங்களில் மேற்கே தரைப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும். கொறிக்கிற கச்சான் இல்லை, உடம்பைக் காயவைக்கிற சூட்டுக் காற்று. வேர்வை தெரியாது, உடனே காய்ந்துவிடும். அதனால் தாகமும் பிந்தித்தான் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை: கடல் கொந்தளிக்கும், களப்பு முகத்துவாரங்கள் உடைத்துப் பாயும், கரையோர நடை பாதியில் நின்றுவிடும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாய்ப்பது கச்சான் காலம்தான். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மிச்சத்தை மாலை நாலரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் காலைக்குக் கோணேசர் மலை. பிரெட்ரிக் கோட்டை வாசலில் வாகனத்தை விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். கோவில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், ஏற்றமும் மெதுவானது, வயதானவர்களும் நின்று நின்று வரலாம். இந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசர், அதுவும் தாங்கள் இடித்த பழைய கோவிலின் கற்களைக் கொண்டு. பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் பிரித்தானியரிடம் வந்தது. இப்போதைய பெயர் 1803இல் வைத்தது. உள்ளே இன்னும் இராணுவம் இருக்கிறது. எனவே படம் எடுப்பது வழியோடும் மரத்தோடும் மானோடும் நிற்கட்டும்.

மான்கள் என்றால் புள்ளிமான்கள். ஆலமரத்தடியில் ஆட்டைப்போல நிற்கும், சிலது நகர வீதிக்கே வந்துவிடும். பிள்ளைகள் பிஸ்கட் பையோடு நீட்டுவார்கள். வேண்டாம், பையையும் சேர்த்துத் தின்கிற பழக்கம் அவற்றுக்கு வந்துவிட்டது.

கோவிலை ஒட்டிய பாறை விளிம்பில், இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவுக்குப் பக்கத்தில், கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். கீழே நூறு மீற்றருக்கு மேல் நேர்ச் செங்குத்து. சம்பந்தர் கோணமாமலை என்று பாடிய இடம் இது. சத்தமிடும் கடலை அந்தப் பதிகத்தில் அவர் ஏன் விடவில்லை என்று நின்றால் விளங்கும். திருகோணமலைக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாவதால் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்டவே வரும். அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் நீர் பீச்சுவதைப் பாறையில் நின்றே பார்க்கலாம். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பக்கத்தில் நின்றவர் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். கம்பி வேலிக்கு அப்பால் படத்துக்காக ஏறாதீர்கள். கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், சப்பாத்து வெளியே. ஏழு மணிக்குப் பிறகு கல் சுடத் தொடங்கும். அதற்குமுன் போவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

இரண்டாம் நாள் உப்புவெளி. நகரத்திலிருந்து வடக்கே, நிலாவெளி பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஹோட்டல்கள் நிற்கும் கரையில் இறங்கி வடக்குப் பக்கம் நடந்தால் வெளிநாட்டுக் குடைகள் முடிந்து வள்ளங்கள் தொடங்கும். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த நடை இதுதான். தண்ணீர் நனைத்த இறுகிய மணலில் நடவுங்கள், உலர்ந்த மணலில் அரை மணித்தியாலத்தில் கெண்டைக்கால் பிடித்துவிடும். கரை சரிவாக இருப்பதால் ஒரே பக்கம் நடக்க ஒரு கணுக்கால் நோகும். போன வழியே திரும்பினால் பாரம் மற்றக் காலுக்கு மாறும். வற்றுப்பெருக்கைப் பற்றி இங்கிலாந்தில் இருந்து வருகிறவர்கள் பயப்படத் தேவையில்லை, இங்கே அது ஒரு மீற்றரைக்கூட எட்டாது.

வழியில் கரைவலை இழுப்பதைக் காணலாம். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் பின்னுக்கு நடக்க, நடுவில் மீன் சேரும் வலை மடி மெல்ல மெல்லக் கரையேறும். கயிற்றைத் தாண்டிப் போகாமல் ஆட்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். வலையில் செருப்புக் கால் வைக்க வேண்டாம். “நாங்களும் ஒரு கை பிடிக்கலாமோ?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டு இடம் விடுவார்கள். என் மகன் பிடித்தான், பத்தாவது நிமிடத்தில் உள்ளங்கை சிவந்து கழன்றுகொண்டான்.

வடக்கு முனையில் ஒரு கடல்வாய் குறுக்கிடும். அதற்கு அந்தக் கரையில், பாறைகளுக்குப் பின்னால், சல்லி முத்துமாரியம்மன் கோவில். கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் கரையால் நடந்து போக முடியாது. நான் முதல் தடவை காலை பத்து மணிக்கு, வாரறுந்த செருப்போடு, “இதோ கிட்டத்தானே” என்று தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவில் நீரோட்டம் காலை இழுத்தது, திரும்பிவிட்டேன். கரையில் நின்ற ஒரு பெரியவர் “தம்பி, ரோட்டாலை போங்கோ” என்று ஒரே வரியில் முடித்தார். ரோட்டால் சுமார் 4 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு ஓட்டோ பிடிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஹோட்டல் பகுதியைத் தாண்டினால் அது மக்கள் குடியிருக்கும் கரை, நீச்சலுடைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நிலாவெளி வீதியோரம் இருக்கும் பொதுநலவாயப் போர் மயானத்துக்குள் ஒரு சுற்று நடக்கலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் அங்கே உண்டு. வயதைப் பார்த்துக்கொண்டே போனால் பாதியில் நின்றுவிடுவீர்கள்.

நிலாவெளியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட, நேரான மணல். விடியற்காலையில் நன்றாக இருக்கும். எதிரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு, 2003 முதல் தேசிய பூங்கா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு, படகுக்கூலி வேறு. தமிழ் பேசினால் குறையும் என்று நம்பி நிற்காதீர்கள். இரட்டைக் குடியுரிமை இருந்தால் தேசிய அடையாள அட்டையைக் கையில் கொண்டு போங்கள். தீவில் முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், மேல் ஏறி நடப்பது தடை, காலுக்கும் கேடு.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீற்றர், அநுராதபுரம் வீதிப் பக்கம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. இராவணன் தாய்க்குக் கடமை செய்த இடம் என்று பிதிர்க்கடன் செய்ய நம்மவர் தலைமுறை தலைமுறையாக வந்த இடம். இன்று அங்கே நிற்கும் அறிவிப்புப் பலகைகள் சொல்லும் கதை வேறு, அதைப் பௌத்த இடமாகக் காட்டும் கதை, படித்தால் மனம் கனக்கும். வாசலில் நிற்கும் ஊழியரோடு வாதாடிப் பயனில்லை. பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்கலாம், ஆனால் பகலில் மட்டும். மாலை மங்கினால் அந்தப் பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. பின்னால் உள்ள பற்றைக்குள் குறுக்கு வழி தேட வேண்டாம். மிதிவெடிப் பலகை எங்கே கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், விளிம்பு அகன்ற தொப்பி, பாமசியில் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனிக் கலவையான ஜீவனி இரண்டு பக்கற், கால் பொத்திய சப்பாத்து. ட்ரோன் கொண்டுவர நினைத்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், துறைமுக நகரத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிடுவது புத்தி. கரையில் கட்டாக்காலி நாய்கள் உண்டு. கடித்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊருக்குத் திரும்பிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது. அவசரத்துக்கு 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு வீதியோரம் நின்று கையைக் காட்டினால் போதும், நிறுத்துவார்கள். இருட்டினால் பஸ் குறையும். காலையில் கொண்டுவந்து விட்ட ஓட்டோக்காரரின் இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள், கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள்.