மதர்போர்டுக்கு ஏற்ற எஸ்எம்பிஎஸ்: பின், ஆம்ப்ஸ், எர்த்

மதுரைக் கடைகளில் விலை குறைந்த கேபினட் கேட்டால், பெரும்பாலும் உள்ளேயே ஒரு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் பிரித்துத் தரும் பெட்டி) பூட்டி வரும். ஸ்டிக்கரில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, அதே ஸ்டிக்கரில் +12 வோல்ட் கட்டத்தைத் தேடுங்கள். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். அங்கே 16 ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தால் 12 × 16 = 192 வாட், அவ்வளவுதான் கணக்கு. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் அந்தக் கட்டத்தில் 36, 37 ஆம்ப்ஸ் இருக்கும்.

படி 1: போர்டில் சாக்கெட்டை எண்ணுங்கள்

போர்டின் வலது ஓரத்தில் நீளமாக இருப்பது 24 பின். எஸ்எம்பிஎஸ் கேபிள் 20+4 என்று பிரிந்து வந்தாலும் பரவாயில்லை, இரண்டையும் ஒட்டிப் பிடித்துச் சேர்த்துச் செருகலாம். புராசஸருக்குப் பக்கத்தில், இடது மேல் மூலையில் இன்னொன்று இருக்கும். அது 4 பின்னா, 8 பின்னா, 8+4 ஆ என்று பாருங்கள். 8+4 இருந்தால் சாதாரண புராசஸருக்கு 8 மட்டும் போதும். 8 பின் சாக்கெட்டில் 4 பின் கேபிளைச் செருகினாலும் பல போர்டுகள் ஓடும். 65 வாட் புராசஸருக்கு அது தாங்கும். பெரிய புராசஸரை அப்படி ஓட்டினால் மொத்தக் கரன்ட்டும் இரண்டே மஞ்சள் ஒயரில் போய், கனெக்டர் சூடேறிக் கருகும்.

இந்த மூலை கேபிளை மறப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டரில் ஒன்றும் வராது. உடனே போர்டு போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

படி 2: இரண்டு 8 பின்னையும் குழப்பாதீர்கள்

புராசஸர் கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டு கேபிள் 6+2 ஆகப் பிரியும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் இடம் மாறியிருக்கும். பின்களின் வடிவம் வேறு என்பதால் லேசில் நுழையாது. நுழையவில்லை என்றால் கேபிள் தப்பு; அமுக்கித் திணிக்காதீர்கள்.

கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. போர்டுப் பக்கம் எல்லாம் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹார்ட் டிஸ்க்குக்குக் கரன்ட் தரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிளைப் புதியதில் மாட்டினால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்து ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே செத்துப்போகலாம். மிச்சக் கேபிளை அதன் டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வரும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் போர்டுகள் தனி ரகம். பலவற்றில் 24 பின்னே கிடையாது; 6, 8, 10, 14 பின் என்று ஆளுக்கொரு அளவு. வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

படி 3: வாட் கணக்கு

கோர் ஐ5 12400எஃப் உச்சத்தில் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 போடுங்கள். மொத்தம் 292, அதாவது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 24 ஆம்ப்ஸ். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இதைத் தாண்டியும் இழுக்கும், அதனால் 550 வாட் எடுப்பது நியாயம். 850 தேவையில்லை. அந்தக் காசில் ரேமைக் கூட்டுங்கள்.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ் 85 சதவீதம் திறனோடு ஓடினால், 292 வாட்டுக்குச் சுவரிலிருந்து 340 வாட்டுக்கு மேல் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மானிட்டரையும் அதிலேயே மாட்டிவிட்டு கேம் ஆடும்போது கரன்ட் போனால் யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1 கேவிஏ (1000 விஏ) பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் ரகம்தான் நல்லது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரன்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சில ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் ரீஸ்டார்ட் ஆகும்.

படி 4: பூட்டும் முன்

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் 115/230 என்று சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-இல் வையுங்கள். 115-இல் விட்டு ஆன் செய்தால் டப்பென்று வெடிக்கும். கீழ்ப்பக்கம் எஸ்எம்பிஎஸ் மாட்டும் கேபினட் என்றால் புராசஸர் கேபிள் 60 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் போர்டின் பின்னால் சுற்றி மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். தரையிலிருந்து காற்றை இழுக்கும் ஃபேனுக்கு அடியில் தூசி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். சித்திரையில் 40 டிகிரி அடிக்கும் ஊரில் அந்த வலை அடைத்துக்கொண்டால் எஸ்எம்பிஎஸ் சீக்கிரம் போகும்.

24 பின்னைச் செருகும்போது போர்டு வளையாமல் ஓரத்தை ஒரு விரலால் தாங்கிப் பிடித்து, கிளிப் டிக்கென்று விழும்வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கேம் ஆடும்போது பாதியில் ஆஃப் ஆகும்.

படி 5: எர்த்தும் சோதனையும்

பழைய வீடுகளில் சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் வந்திருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதன் உலோக உடம்போடு இணைந்திருப்பதால், எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் 110 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தொட்டால் கிர்ரென்று இருக்கும், டெஸ்டர் எரியும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் இது போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள்.

ஆன் செய்த பிறகு மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரின் கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும் வையுங்கள். 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சிவப்பு ஒயரில் 4.75 முதல் 5.25 வரை. கேம் ஓடும்போதும் ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போது 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ்ஸால் தாங்க முடியவில்லை, மாற்றுங்கள். கழற்றிச் சரிபார்க்க மட்டும் நினைக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.