டாக்டர் கிளினிக்கில் யூரின் ஸ்ட்ரிப் டெஸ்ட்: அமெரிக்காவில் புதிதாகச் சேரும் மெடிக்கல் அசிஸ்டென்ட்டுகளுக்கு

மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ் முடித்துவிட்டு இங்கே ஒரு டாக்டர் கிளினிக்கில் வேலைக்குச் சேரும் நம்மவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "நான் லேப் டெக்னாலஜி படிக்கலையே, டெஸ்ட் பண்ணலாமா?" கிளினிக்கிடம் கிளியா சான்றிதழ் இருந்தால், அதில் அனுமதித்த டெஸ்ட்டுகளைப் பெரும்பாலான மாநிலங்களில் தாராளமாகச் செய்யலாம்.

கிளியா என்பது மருத்துவ லேப் டெஸ்ட்டுகளுக்காக 1988இல் வந்த மத்திய அரசுச் சட்டம். பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான டெஸ்ட்) ஸ்லைடுகளைத் தப்பாகப் படித்ததால், புற்றுநோய் இருந்த பெண்களுக்கே 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் போன செய்திகள் வெளிவந்த பிறகுதான் அது பிறந்தது. நோயாளியின் சிகிச்சைக்காக ஒரே ஒரு டெஸ்ட் செய்தாலும் சான்றிதழ் வேண்டும். எளிய டெஸ்ட்டுகள் மட்டும் செய்யும் கிளினிக்குக்கு வேவர், அதாவது விலக்குச் சான்றிதழ் போதும். சி.எம்.எஸ்-116 படிவத்தை நிரப்பி மாநில அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முகவரியோ லேப் டைரக்டரோ மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

வேவர் என்றதும் விதியே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு விதி இருக்கிறது, அது கறாரானது: தயாரிப்பாளர் சொன்னபடியே செய்ய வேண்டும். கிட் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாள்தான் உங்களுக்குச் சட்டம். அதிலிருந்து விலகினால் அந்த டெஸ்ட் வேவர் கணக்கிலிருந்தே வெளியேறி, உயர் சிக்கல் வகைக்குப் போய்விடும். அதைச் செய்ய உங்கள் கிளினிக்குக்கு அனுமதி கிடையாது. ஒவ்வொரு புது லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான கிட்டுகள்) வரும்போதும் தாளை எடுத்துப் படியுங்கள். மாற்றம் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

கையுறை, கை கழுவுதல் எல்லாம் கோர்ஸிலேயே பார்த்திருப்பீர்கள். நேராக வேலைக்கு வருவோம். பத்துக் கட்டம் உள்ள மல்டிஸ்டிக்ஸ் ஸ்ட்ரிப்பை வைத்துச் சொல்கிறேன்.

1. பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, லேபிளைக் கப்பின் மேல் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டவே கூடாது. இரண்டு கப்பைத் திறந்து வைத்தால் மூடி மாறிவிடும்.

2. ஸ்ட்ரிப் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிப் எடுத்தவுடன் பாட்டிலை இறுக்கி மூடுங்கள். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

3. கன்ட்ரோல் திரவத்தை (ரிசல்ட் முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) எப்போது ஓட்ட வேண்டும் என்பதும் தாளில் இருக்கும். கன்ட்ரோல் சரியாக வராமல் நோயாளியின் ரிசல்ட்டை எழுதவே எழுதாதீர்கள்.

4. எல்லாக் கட்டமும் நனையும்படி முக்கி, உடனே எடுங்கள். எடுக்கும்போதே ஸ்ட்ரிப்பின் ஓரத்தைக் கப்பின் விளிம்பில் இழுத்து, மிச்ச யூரினை வடித்துவிடுங்கள். பிறகு படுக்கைவாட்டில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் ரசாயனம் வழிந்து அடுத்த கட்டத்தில் கலக்கும்.

5. நேரம். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பத்துக் கட்டத்தையும் ஒரே பார்வையில் படித்து முடித்துவிடுவார்கள். குளுக்கோஸ், பிலிருபினுக்கு 30 நொடி. கீட்டோனுக்கு 40. ஸ்பெசிஃபிக் கிராவிட்டிக்கு 45. ரத்தம், பி.எச்., புரோட்டீன், யூரோபிலினோஜன், நைட்ரைட் ஐந்துக்கும் 60. லியூகோசைட்டுக்கு (வெள்ளை அணுக்கள்) மட்டும் முழுசாக 2 நிமிடம். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது என்று ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டால், தொற்றைக் காட்டும் முக்கியமான கட்டமே தவறிப்போகும். 2 நிமிடம் தாண்டி மாறும் நிறத்துக்கு எந்த மதிப்பும் இல்லை, அதைப் படிக்காதீர்கள்.

சுவர்க் கடிகாரம் வேண்டாம், செல்போனும் வேண்டாம். நடுவில் அழைப்பு வரும். மேஜையில் ஒரு தனி டைமர் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் வாங்கித் தருமென்றால் கிளினிடெக் ஸ்டேட்டஸ் மாதிரி, ஸ்ட்ரிப்பைத் தானே படிக்கும் ஒரு ரீடர் கருவிதான் என் தேர்வு. நேரத்தை அதுவே கணக்கு வைக்கும், நிறத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வராது.

6. ரிசல்ட், நேரம், லாட் எண், உங்கள் இனிஷியல் நான்கையும் உடனே பதிவு செய்யுங்கள்.

யூரினை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது வேவர் டெஸ்ட் அல்ல. அதற்கு பி.பி.எம். என்ற வேறு சான்றிதழ் வேண்டும், அதன்படி டாக்டர் போன்றவர்கள் தாங்களே பார்க்க வேண்டும்.

சேர்க்கை: மெடிகேர் பில் திரும்பி வருகிறது என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். ரீடரில் செய்தால் பில்லிங் கோடு 81003, கூடவே வேவர் டெஸ்ட் என்று காட்டும் கியூ.டபிள்யூ. குறியைச் சேர்க்க வேண்டும். கண்ணால் படித்தால் 81002, அதற்கு கியூ.டபிள்யூ. தேவையில்லை.

இன்னொரு சேர்க்கை: கட்டம் எல்லாம் ஆரஞ்சாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். நீர்க்கடுப்புக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும் ஆஸோ மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று நோயாளியிடம் கேளுங்கள். அதிலுள்ள ஃபெனஸோபிரிடின் யூரினையே ஆரஞ்சாக்கும், ஸ்ட்ரிப் நிறத்தை நம்ப முடியாது. அதை எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) அனுப்புவதா என்பதை அவர் முடிவு செய்வார்.