பிளாஸ்டிக் கயாக்குக்கு பைபர் ஒட்டு: இன்னும் நடக்கிற பிழையும் வேறு சிலவும்

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்து மண்டைதீவுக் கரையில் இரண்டு தம்பிமார் ஒரு சிவப்புக் கயாக்கை, அதாவது துடுப்பால் வலிக்கிற ஒடுங்கிய சிறு படகை, இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடிப்பக்கத்தில், இருக்கைக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை ஒட்டு. வழுவழுப்பாகத் தேய்த்து, பெயின்ற் அடித்து, வடிவாகச் செய்திருந்தது. "எங்க ஒட்டினனீங்கள்?" என்று கேட்டேன். "வள்ளம் திருத்திற இடத்தில அண்ணை. இரண்டு மற் வைச்சு றெசின் போட்டது. இப்ப கல்லு மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். மற் என்பது கண்ணாடியிழைப் பாய்; றெசின் அதில் பூசிக் காயவிடுகிற பிசின். இரண்டும் சேர்ந்ததுதான் பைபர்.

எனக்கு நெஞ்சு பகீரென்றது. ஏழு வருசத்துக்கு முன் அதே இடத்தில் அதே மாதிரி ஒட்டோடு நின்று, அதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

மிதவை அங்கி போடு, தண்ணீர் கொண்டுபோ, தனியே போகாதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். சரியென்று நம்பிச் செய்கிற பிழைகள்தான் எனக்குப் பயம்.

றெசின் ஒட்டாது

எங்கட ஊரில் கரையோரம் வளர்ந்த எவருக்கும் பைபர் வள்ளம் திருத்தத் தெரிந்த ஒரு மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணரோ இருப்பார். மற், றெசின், அதை இறுகவைக்கிற காடினர் எல்லாம் வாங்குவது சீமெந்து வாங்குவது போல. அதனால்தான் இந்தப் பிழை இங்கே இவ்வளவு லேசாக நடக்கிறது. ஓட்டை என்றால் றெசின். வேறு யோசனையே வராது.

நான் கொழும்பிலிருந்து பழைய பிளாஸ்டிக் கயாக் ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி வந்தேன். இரண்டாவது மாதமே மண்டைதீவுக்குக் கிட்ட மீன்பிடிக்கிற களங்கண்ணி வலைக்கு நட்ட ஒரு முறிந்த தடி குத்திவிட்டது. தண்ணீருக்கு மேலே தெரிகிற தடி ஒன்றும் செய்யாது. முறிந்து, பாசி பிடித்து, ஒரு சாண் ஆழத்தில் நிற்கிற அடிக்கட்டைதான் ஆள்விழுங்கி. இருக்கைக்குப் பின்னால் இருக்கிற மூடிய அறையின், பின்னறையின், அடியில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். வள்ளம் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோய் "பைபர் ஐயா, ஒட்டித் தாங்கோ" என்றேன். அவர் என் சொல்லை நம்பினார். கரடான தாளால் நன்றாகத் தேய்த்து, மற் வைத்து, இரண்டு நாள் காயவிட்டுத் தந்தார். வீட்டு முற்றத்தில் உள்ளே தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. களப்புக்குள் நாலைந்து தரம் ஓடினேன். அப்போதும் வரவில்லை.

பங்குனி மாதம், கடல் குளம் மாதிரிக் கிடந்த ஒரு காலை, ஊர்காவற்றுறையிலிருந்து நாலு பேர் எழுவைதீவுக்குப் போனோம். திரும்பும்போது பக்கக் காற்றுக் கிளம்பியது. என் கயாக்கின் முன்பக்கம் காற்றோடு ஓடத் தொடங்கியது. வலப்பக்கம் வலித்து வலித்துக் கை விட்டுப்போயிற்று. களைத்துப்போனேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் பின்னறைக்குள் தண்ணீர் ஏறி, பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் மேலே தூக்கி நின்றிருக்கிறது. தூக்கி நிற்கிற முன்பக்கத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். பின்னால் வந்தவன் கத்தினான்: "அண்ணை, உங்கட பின்பக்கம் தண்ணிக்குள்ள!"

இரண்டு கயாக்கை ஒட்டிப் பிடித்துக்கொண்டு கைப்பம்பால் இறைத்தோம். இறைப்பதைவிட வேகமாக ஏறியது. வலை போடப் போய்க்கொண்டிருந்த ஒரு வள்ளக்காரர் கண்டு வந்து எங்களைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அன்றைய தொழில் போய்விட்டது. எண்ணெய்க் காசு கொடுக்கப் போனேன். "காசை விடு தம்பி, ஓட்டையைக் காட்டு" என்று கயாக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒட்டு ஒரு பக்கம் கிளம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு விரலால் பிடித்து இழுக்க, காய்ந்த பொருக்கு உரிவது போல முழுசாகக் கையோடு வந்தது. அதன் உட்பக்கம் கண்ணாடி போல மினுங்கியது. தேய்த்த கீறல்களின் அச்சு அதில் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தது. ஆனால் கயாக்கின் பிளாஸ்டிக் ஒரு துகள்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

ஏனென்று பிறகுதான் விளங்கியது. பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகள் பொலியெத்திலீன். கூரையில் வைக்கிற தண்ணீர்த் தாங்கியும் அந்த இனம்தான்; தூளை அச்சுக்குள் போட்டு, சுழற்றிச் சூடாக்கி வார்ப்பது. அதன் மேற்பரப்பில் றெசின் படிந்து பிடிக்காது. றெசின் கலக்கிற பிளாஸ்டிக் வாளியை நினைத்துப் பாருங்கள். மிச்ச றெசின் காய்ந்த பிறகு வாளியை ஒரு தட்டுத் தட்டினால் கட்டியாகக் கழன்று விழும். வள்ளம் திருத்துகிற எல்லோரும் நாளாந்தம் காண்கிற காட்சி அது. வாளியில் ஒட்டாதது கயாக்கில் எப்படி ஒட்டும்? முற்றத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. அங்கே கயாக் அசையாது. கடலில் ஒவ்வொரு அலைக்கும் அதன் அடி வளைந்து நிமிரும். பிளாஸ்டிக் வளையும், பைபர் அந்தளவுக்கு வளையாது. கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பு விடும்.

காசைவிட எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறொன்று. சிறு கிழிசலாக இருந்தபோதே முறையாக உருக்கி ஒட்டியிருந்தால் அந்தக் கயாக் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். றெசினுக்காகத் தேய்த்த தேய்ப்பில் சுற்றிலும் மெலிந்து, கீறல்களுக்குள் றெசின் தூளும் ஏறி, கடைசியில் கை அகலத்துக்கு வெட்டியெடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு அது கடலுக்கு ஆகவில்லை.

உங்கட கயாக் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால் உள்விளிம்பில் தெரியாத இடத்தில் கத்தியால் சீவிப் பாருங்கள். சவர்க்காரம் சீவுவது போலச் சுருளாக வந்து, அந்தச் சுருள் தண்ணீரில் மிதந்தால் பொலியெத்திலீன். வெள்ளைத் தூளாக உதிர்ந்து கையில் அரித்தால் பைபர். இரண்டு நிமிட வேலை.

பொலியெத்திலீனை அதே பொலியெத்திலீனால்தான் ஒட்டலாம், சூடாக்கி. வெடிப்பு என்றால் முதலில் இரண்டு முனையிலும் சின்னத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். தாளால் தேய்க்காமல் கத்தி விளிம்பால் சுரண்டிப் புதுப் பிளாஸ்டிக்கை வெளியே எடுங்கள். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் கயாக்கையும், ஒட்டப்போகிற பொலியெத்திலீன் கீற்றையும் ஒன்றாகச் சூடாக்க வேண்டும். இரண்டும் மினுமினுக்கத் தொடங்கும் நேரம்தான் அமர்த்துகிற நேரம். புகை வந்தால் பிளாஸ்டிக் கெட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றி ஆறவைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளின் பிளாஸ்டிக் உறை (ஃபெயாரிங்) ஒட்டுகிறவர்களிடம் கொடுப்பதானால் அவர்கள் உருக்கி ஒட்டுகிற கம்பி எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பொலிபுரோப்பிலீன் என்கிற வேறு பிளாஸ்டிக். அது இதோடு சேராது. ஒட்டுக் கீற்றை உங்கட கையாலேயே கொண்டுபோங்கள். குறுக்குப்பிணைப்புப் பொலியெத்திலீன் என்று ஒரு வகை இருக்கிறது. அது உருகவே உருகாது. அதற்கு இந்த முறையும் சரிவராது.

கடலில் ஓட்டை விழுந்தால் கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற பிற்றுமின் ரேப் ஒரு துண்டு போதும். மூலைகளை வட்டமாக வெட்டி, இடத்தைத் துடைத்து, வெயிலில் கொஞ்சம் சூடாக்கி அமர்த்துங்கள். வீடு வந்து சேரும்வரைக்குத்தான் அது. உள்ளே ஒன்றுமில்லாத, மூடி இறுக்கிய போத்தல்களால் பின்னறையை நிரப்பி வைப்பது இன்னும் நல்லது. அந்த இடத்துக்குள் தண்ணீர் வர முடியாது. நான் இப்போது ஒரு பயணத்துக்கும் அவை இல்லாமல் போவதில்லை.

மண்டைதீவுத் தம்பிமாரை அன்று இறங்க விடவில்லை. சாப்பாட்டுக் கத்தியின் நுனியை ஒட்டின் விளிம்பில் விட்டு நெம்பச் சொன்னேன். இரண்டாம் நெம்பில் கையோடு வந்தது.

காற்றுத்துளையை அடைப்பது

அறைகளைப் பிரிக்கிற தடுப்பில் ஊசித்துளை ஒன்று இருக்கும். ஓட்டை என்று நினைத்து சிலிக்கன் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது வேணுமென்று போட்ட துளை. வெயிலில் கிடந்த கயாக்கைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளேயிருக்கிற சூடான காற்று சுருங்கும். துளை இல்லாவிட்டால் மூடி வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதை அப்படியே விடுங்கள்.

வாகனத்தில் இறுக்கிக் கட்டுவது

சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் இளகும். கயிறு இறுகிய இடத்தில் குழி விழும். பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டுங்கள்.

தூரத்தைப் பார்த்துப் பயணம் போடுவது

"ஐந்து கிலோமீற்றர்தானே" என்று தொடங்குகிற திட்டங்கள்தான் அதிகம் பிழையாகிப் போகின்றன. தென்மேற்குக் காற்று வீசுகிற சோழகக் காலத்தில், வைகாசி முதல் புரட்டாதி வரை, காலை ஆறு மணிக்கு மண்டைதீவிலிருந்து கொழும்புத்துறைப் பக்கம் போனால் காற்று முதுகில். பறந்துபோய் இறங்குவீர்கள். பத்து மணிக்குத் திரும்பும்போது அதே காற்று இரண்டு மடங்கு பலத்தோடு முகத்தில் நிற்கும். களப்பு ஆழமில்லை, அதனால் அலை உயரமாக எழும்பாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்பக்கத்தில் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் வேகம் செத்துப்போகும். தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது கொண்டுவந்து விடட்டும். எங்கட வள்ளக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

காற்று வேகத்தை வாசிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் மணிக்குக் கிலோமீற்றரில் சொல்லும். தொலைபேசிச் செயலிகள் பல நொட்ஸில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று, காட்டும். 20 என்று கண்டதும் நிம்மதியடையாதீர்கள்; 20 நொட்ஸ் என்றால் மணிக்கு 37 கிலோமீற்றர். பழகாத ஆள் அதில் இறங்கக்கூடாது. திணைக்களத்தின் அறிவித்தலில் எங்களுக்கு உரியது, புத்தளத்திலிருந்து மன்னார், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரையான கடற்பரப்பு என்று வருகிற பகுதி.

பண்ணைப் பாலத்தின் கண்கள்

தூண்களுக்கு இடையிலான கண்களுக்குள் நீரோட்டம் இருக்கும்போது குறுக்காக நுழையாதீர்கள். தூணில் சார்த்திக் கவிழ்த்துவிடும்.

நண்டு வலை

மேலால் போகாதீர்கள். சுற்றிப் போங்கள், ஆளைக் கண்டால் கேட்டுவிட்டுப் போங்கள். நாளைக்கு எங்களைத் தூக்க வருவதும் அதே வள்ளம்தான்.

நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து பாதைப்படகுக்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். முதல் வருசத்தில் வேண்டாம். போவதானால் கடற்படைக்கு அறிவித்து, கூட ஒரு வள்ளம் பேசி, பங்குனியில் போங்கள்.