அந்தி வெளிச்சத்தில் கண்ணைக் கட்டிய ஸ்கோப்

ஒன்டாரியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு, மானும் சொல்லி வைத்தாற்போல் அந்த அரை மணியில்தான் வெளியே வரும். போன நவம்பரில் ஒரு கிடா மரங்களை ஒட்டி வந்து நின்றது. வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, துப்பாக்கி மேல் பொருத்திய ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒரே கருப்பு, குறுக்குக்கோடு எங்கே தோள்பட்டை எங்கே என்றே புரியவில்லை. சுடாமல் இறங்கி வந்தேன்.

என்னுடையது 3-9×40, அதாவது 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ. அதை 9-இல் வைத்திருந்ததுதான் தப்பு. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 40-ஐ 9-ஆல் வகுத்தால் வெறும் 4.4 மி.மீ. இருட்டில் இளவயதுக் கண்பாவை 7 மி.மீ. வரைகூட விரியும், ஐம்பதைத் தாண்டிய எனக்கு அவ்வளவு விரியாது, சரி. 6-க்கு இறக்கியதும் 6.7 மி.மீ., பைசா செலவில்லாமல் படம் தெளிந்தது.

கோடு மட்டும் இன்னும் தெரியவில்லை. அதனால் நடுப்புள்ளி ஒளிரும் 2.5-10×50 ஒன்று வாங்கினேன். (ஸ்கோப்பின் உடல் 30 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் கூடும் என்றார் கடைக்காரர்; கூடாது, கோட்டை ஏற்றி இறக்கத்தான் இடம் கூடும்.) முதல் நாள் புள்ளி கொள்ளிக்கட்டை மாதிரி எரிந்து மானையே மறைத்தது, ஆகக் குறைந்த அளவில் வைத்த பிறகே சரியானது. பெரிய லென்ஸுக்கு ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் வளையத்தை உயரமாகப் போட்டதில் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியவில்லை, அப்புறம் ஒரு மெத்தைப் பட்டை ஒட்டி 100 மீட்டரில் மறுபடி குறி பார்த்துச் சரிசெய்தேன்.